பெரிய தோட்டாவைவிடச் சின்னத் தோட்டாதான் எஃகைக் குழியாக்கும்! தெரியுமா?

எடை 40 கிராமுக்கு மேல். சுடும் குழலின் உள்ளளவு, அதாவது காலிபர், 12.7 மில்லிமீட்டர். குழலை விட்டு வெளியேறும்போது வேகம் வினாடிக்கு 850 மீட்டருக்கும் அதிகம், அதாவது ஒலியைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு! முதல் உலகப் போரின் இறுதியில் ஜான் பிரௌனிங் உருவாக்கத் தொடங்கி, இன்றுவரை உலகெங்கும் வழங்கிவரும் '.50 பி.எம்.ஜி.' என்ற பெரிய காலிபர் தோட்டா இது. இப்படி ஒன்று பாய்ந்து வந்து மோதினாலும், 'டங்' என்று ஒலித்து, ஊசலாடி, அடுத்த தோட்டாவுக்குத் தயாராக நிற்கும் எஃகுத் தகடுகள் உண்டு. தேர்வில் பிழை நேர்ந்தாலோ, அதே எஃகு சிதறலைச் சுட்டவரிடமே திருப்பி அனுப்பிவிடும்! அமெரிக்கா போன்ற நாடுகளில் ரைஃபிள் பயிற்சிக்காரர்கள் அன்றாடம் பயன்படுத்தும் இந்த இரும்பு இலக்குகளுக்குள் எத்தனை வரலாறு, எத்தனை இயற்பியல், எத்தனை எச்சரிக்கை! ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்.

எஃகு ஆடு உயிருள்ள ஆட்டைக் காப்பாற்றியது தெரியுமா?

மெக்ஸிகோவில் ஒருகாலத்தில் துப்பாக்கிப் போட்டி என்றால் கோழியையும் ஆட்டையும் தூரத்தில் கட்டிவைத்துச் சுடுவதுதான் வழக்கம். அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது உலோகம்! விலங்குகளின் உருவத்தில் தகடுகளை வெட்டி நிறுத்தி 1948-ல் மெக்ஸிகோ நகரில் நடந்த போட்டியை இவ்விளையாட்டின் தொடக்கமாகச் சொல்வார்கள். ரைஃபிள் போட்டியில் இன்றும் அதே வரிசைதான்: 200 மீட்டரில் கோழி, 300 மீட்டரில் காட்டுப்பன்றி, 385 மீட்டரில் வான்கோழி, 500 மீட்டரில் செம்மறிக் கடா! தோட்டா பட்டால் மட்டும் போதாது, உருவம் மேடையிலிருந்து கீழே விழ வேண்டும். கடாவின் எடை 20 கிலோவைத் தாண்டும். 500 மீட்டர் கடந்து வந்த சில கிராம் ஈயம் அதைச் சாய்க்கிறது!

ஓர் இரும்புப் பலகை ஒரு நாட்டின் வெற்றியைத் தீர்மானித்தது தெரியுமா?

1874 செப்டம்பர். நியூயார்க்கை ஒட்டிய லாங் தீவில் கிரீட்மூர் சுடுதளம். அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1,000 கெஜத் தூரங்களில் மோதின. சுட்டது கனத்த ஈயக் குண்டுகளை, இலக்கோ இரும்புப் பலகை! அயர்லாந்து வீரர் மில்னர் நடுப்புள்ளியிலேயே அடித்தார், ஆனால் பக்கத்தில் இருந்த வேறொரு பலகையில்! கிடைத்தது பூஜ்யம். கடைசிக் குண்டு அமெரிக்கர் ஜான் போடைன் கையில். அந்தக் கையோ சற்று முன் உடைந்த இஞ்சி பானப் புட்டி கிழித்து ரத்தம் வழிந்த கை! கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சுட்டார். 1,000 கெஜத்துக்கு அப்பால் இலக்கு தப்பவில்லை. அமெரிக்கா 934, அயர்லாந்து 931! நடுப்புள்ளிக்குரிய 4 புள்ளிகள் மில்னருக்குக் கிடைத்திருந்தால் அயர்லாந்து 935 எடுத்து வென்றிருக்கும்.

ஒரே அங்குலத் தகடு தாங்க வேண்டிய ஆற்றல் எவ்வளவு தெரியுமா?

பயிற்சிக்குப் பழகும் .22 தோட்டாவின் ஆற்றல் சுமார் 150 ஜூல். வேட்டைக்கும் போட்டிக்கும் பெயர்பெற்ற .308 தோட்டாவுக்கு 3,500 ஜூல். நெடுந்தூரச் சுடுதலுக்கான .338 லபுவா மேக்னத்துக்கு ஏறத்தாழ 6,500. மேலே சொன்ன .50 பி.எம்.ஜி.க்கு 17,000 ஜூலுக்கும் மேல்! .22-ஐப்போல நூறு மடங்குக்கும் அதிகம். .22-க்கு வாங்கிய மெல்லிய தகட்டில் பெரிய ரைஃபிளைச் சுட்டுப் பார்க்க நினைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

தகட்டுக்கு முதல் எதிரி பருமன் அல்ல, வேகம்! தெரியுமா?

இதுதான் அனுபவசாலிகளையே திகைக்கவைக்கும் செய்தி. பழைய .45-70 தோட்டாவின் குண்டு 26 கிராம் கனம். ஆனால் வேகம் வினாடிக்கு 400 மீட்டர்தான். .223 தோட்டாவின் குண்டோ மூன்றரை கிராம் சுண்டைக்காய், வேகம் வினாடிக்கு 980 மீட்டருக்கு மேல்! கிட்டத்தில் வைத்துச் சுட்டால் நல்ல எஃகில் குழி பறிப்பது எது? அந்தச் சின்னதுதான்! ஏழு மடங்கு கனமான பெரியது மேற்பரப்பில் சாம்பல் நிறத் தடம் பதித்துவிட்டுப் பொடியாகிவிடும். குண்டின் வேகம் கூடக்கூட, மோதும் புள்ளியில் எழும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதே காரணம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு! அதனால்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள், தகட்டில் மோதும் கணத்தில் வேகம் வினாடிக்கு சுமார் 900 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுக்கிறார்கள்.

.50 பி.எம்.ஜி.யின் வேகம் அந்த எல்லைக்குள்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அதன் ஆற்றல் தகட்டையே வளைக்கும், போல்ட்டை அறுக்கும், தாங்கியைச் சாய்க்கும். பெரிய காலிபருக்கு வேகம், ஆற்றல் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

தகட்டின் பெயரில் வரும் 500 எதைக் குறிக்கிறது தெரியுமா?

இரும்பு இலக்கு என்றாலே அடிபடும் பெயர் 'ஏ.ஆர். 500'. அந்த 500 எடையும் அல்ல, தடிமனும் அல்ல, கடினம்! ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900-ல் உலகுக்குக் காட்டிய சோதனை அது. 10 மில்லிமீட்டர் உருண்டையை 3,000 கிலோ பாரத்தில் உலோகத்தின்மேல் அழுத்தி, விழும் பள்ளத்தின் அகலத்தை அளப்பார்கள். பள்ளம் சிறிதென்றால் எண் பெரிது! பட்டறைகளில் 'எம்.எஸ். பிளேட்' என்று கிடைக்கும் சாதாரண இரும்புக்கு இந்த எண் 120-ஐ ஒட்டித்தான் வரும். ஏ.ஆர். 500-க்கு ஏறத்தாழ 500, நான்கு மடங்கு!

அப்படியானால் இன்னும் கடினமான எஃகை வாங்கினால் இன்னும் நல்லதா? இல்லை! கடினம் ஏற ஏற, உடையும் தன்மையும் கூடவே ஏறும். குழி விழாத அளவு கடினமும், விரிசல் விடாத அளவு உறுதியும் சேர்ந்திருக்க வேண்டும். 500-ஐ ஒட்டிய எஃகு அந்த இரண்டையும் ஒருங்கே தருவதால்தான் பரவலாக விரும்பப்படுகிறது. கூடுதல் அடி தாங்க 550 தரத்துக்குப் போகிறவர்களும் உண்டு.

இந்த எஃகு துப்பாக்கிக்காகப் பிறக்கவே இல்லை! தெரியுமா?

சுரங்கத்தில் பாறை சுமக்கும் ராட்சத லாரியின் தொட்டி, மண் அள்ளும் இயந்திரத்தின் வாய், ஜல்லி சரியும் சரிவுப் பாதை... இங்கெல்லாம் உராய்ந்து தேயாமல் இருப்பதற்காக உருவான எஃகு இது. 'ஏ.ஆர்.' என்பதே உராய்வு தாங்கும் எஃகு என்பதற்கான சுருக்கம்தான். கல்லைத் தாங்கியது ஈயத்தையும் தாங்குமென்று கண்டுகொண்டவர்கள் சுடுதளத்துக்கும் கொண்டுவந்தார்கள்.

இதில் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உராய்வுத் தரம் வேறு, தோட்டா தாங்கும் கவசத் தரம் வேறு. ஏ.ஆர். 500 என்று எழுதியிருப்பதாலேயே எந்தத் தோட்டாவையும் தாங்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆலை தந்த கடினச் சான்றிதழைக் கேளுங்கள். எந்தத் தோட்டாவுக்கு, எந்தத் தூரத்தில் என்று தயாரிப்பாளர் எழுத்தில் தருவதையும் கேளுங்கள். இரண்டையும் தராதவரிடம் வாங்காதீர்கள்.

கேஸ் கட்டிங் தீ இந்த எஃகின் உயிரை வாங்கிவிடும்! தெரியுமா?

செந்தழலாகக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து ஏற்றிய கடினம் இது. மறுபடியும் சூடேற்றினால் அந்தக் கடினம் இறங்கிவிடும்! சுமார் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இத்தகைய எஃகு தன் பலத்தை இழக்கத் தொடங்குகிறது. கேஸ் கட்டிங்கில் வெட்டிய தகட்டின் ஓரங்கள் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். உள்ளே மென்மையாகிப்போயிருக்கும்! தோட்டா அங்கே பட்டால் குழிதான். சுடும் பக்கத்தில் வெல்டிங் வைத்தாலும் இதே கதை. எனவேதான் நல்ல இலக்குகளை லேசரிலோ, அதிவேக நீர்த்தாரையிலோ வெட்டுகிறார்கள். நீர்த்தாரையில் சூடே ஏறாது, லேசரில் சூடு பரவும் பகுதி மிகக் குறுகியது. ஓரம் எப்படி வெட்டப்பட்டது என்று கேட்காமல் தகடு வாங்கக் கூடாது!

ஈயம் தண்ணீராக மாறும் கணம் எது தெரியுமா?

வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கடினமான, தட்டையான எஃகில் மோதும்போது ஏற்படும் அழுத்தம் ஈயத்தின் வலிமையைவிடப் பன்மடங்கு. அந்த நொடித்துளியில் ஈயம் திடப்பொருளாக நடந்துகொள்வதே இல்லை! சிமெண்டுத் தரையில் ஓங்கி ஊற்றிய தண்ணீர் நாலாபுறமும் தரையோடு ஓடுவதுபோல, தகட்டின் முகத்தை ஒட்டியபடியே வட்டமாகச் சிதறுகிறது. சிதறலின் பெரும்பகுதி தகட்டு முகத்திலிருந்து 20 டிகிரிக்குள்ளேயே பறந்துவிடும். சுட்டவர் நேர் எதிரே, தூரத்தில், பத்திரமாக!

ஆனால் முகத்தில் ஒரு குழி இருந்தால்? அந்தக் கிண்ணத்துக்குள் பாய்ந்த ஈயம் பக்கவாட்டில் ஓட வழியின்றி, விளிம்பில் வளைந்து, வந்த திசைக்கே திரும்புகிறது! சாதாரண இரும்பில் ரைஃபிள் சுடக் கூடாது என்று மூத்த பயிற்சியாளர்கள் மன்றாடிச் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதல் தோட்டாவிலேயே அதில் குழி விழுந்துவிடும். இரண்டாவது தோட்டாவின் சிதறல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொஞ்சம் சாய்ந்தால் ஆபத்து குறையும்! தெரியுமா?

தகட்டின் மேல்விளிம்பு சுடுபவரை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும். சுமார் 20 டிகிரிச் சாய்வு போதும், சிதறலின் பெரும்பகுதி மண்ணை நோக்கித் திரும்பிவிடும். மோதலின் வேகத்தில் ஒரு பங்கு சறுக்கிப்போவதால் தகட்டின் ஆயுளும் கூடுகிறது. அசையாமல் இறுக்கி நட்ட தகட்டைவிடத் தொங்கி ஆடும் தகடு அடியை வாங்கிப் பின்வாங்கும் என்பது இன்னொரு நன்மை. கீழே இருப்பது மென்மையான மண்ணாக இருக்கட்டும். கல்லும் பாறையும் நிறைந்த தரையில் இலக்கை நட்டால், சாய்வு தந்த பாதுகாப்பைத் தரையே பறித்துவிடும்.

தொங்கவிட எது நல்லது, சங்கிலியா ரப்பரா? தெரியுமா?

பார்வைக்குச் சங்கிலிதான் பலம். ஆனால் பெரிய காலிபர் தோட்டா ஒரு கண்ணியில் பட்டால் அந்தக் கண்ணியே இரும்புத் துண்டாகப் பறக்கும்! கனத்த கன்வேயர் பெல்ட் ரப்பரிலோ, தீயணைப்புக் குழாய்த் துண்டிலோ தொங்கவிட்டால், தோட்டா துளைத்துக்கொண்டு போய்விடும், துண்டு பறக்காது. போல்ட்டின் தலையும் முக்கியம். கூர்முனை கொண்ட அறுகோணத் தலை வேண்டாம், உருண்டு வழவழப்பான தலை வேண்டும். நட்டும் மரையும் பின்பக்கம் மறைந்திருக்கட்டும். தாங்கியின் கால்களில் குண்டு நேராகப் படாத அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் அடிச் சதுரத் தகட்டின் எடை எவ்வளவு தெரியுமா?

முதலில் தூரமும் தடிமனும். கைத்துப்பாக்கிக்கு இரும்பு இலக்கு குறைந்தது 7 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டுச் சுடுதல் அமைப்பின் போட்டி விதி. ரைஃபிளுக்கோ தயாரிப்பாளர்கள் சொல்லும் வழக்கமான எல்லை 100 கெஜம், அதாவது 91 மீட்டர்! சாதாரண ரைஃபிள்களுக்குத் தடிமன் 9.5 முதல் 12.7 மில்லிமீட்டர் வரை. .50 பி.எம்.ஜி. என்றால் 19 அல்லது 25 மில்லிமீட்டர் தகடும், பல நூறு கெஜத் தூரமும் வேண்டும்.

இப்போது எடையைப் பாருங்கள்! ஓர் அடிச் சதுரத்தில் அரை அங்குலத் தகடு 9 கிலோவைத் தாண்டும். தடிமன் ஓர் அங்குலமானால் 18 கிலோவுக்கு மேல். இரண்டடிச் சதுரத்தில் ஓர் அங்குலத் தகடு 74 கிலோ, ஓர் ஆளின் எடை! தகடு வாங்கும்போதே அதைத் தாங்கும் சட்டத்தையும் தூக்கும் ஆட்களையும் சேர்த்து யோசித்தாக வேண்டும்.

ஒரு காந்தம் உயிரைக் காக்கும்! தெரியுமா?

எல்லாத் தோட்டாவும் ஈயம் அல்ல. இராணுவக் கையிருப்பிலிருந்து மலிவாக வரும் .50 எம் 33 தோட்டாவின் நடுவே இருப்பது எஃகு! பச்சை முனை கொண்ட 5.56 எம் 855 தோட்டாவின் முனையிலும் எஃகு உண்டு. கறுப்பு முனை என்றால் பெரும்பாலும் கவசம் துளைக்கும் ரகம். இவை தகட்டில் பொடியாகாது. ஒன்று துளைக்கும், அல்லது முழுத் துண்டாகத் தெறித்துத் திரும்பும்! .50 குண்டு இரும்பில் பட்டுத் திரும்பி, சுட்டவரின் காதுக் கவசத்தைத் தட்டிவிட்டுப் போகும் ஒரு காணொளி உலகெங்கும் பரவியது. அவர் பிழைத்தது மயிரிழையில்!

அதனால் சுடும் முன் குண்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளேயோ மேலுறையிலோ எஃகு இருக்கிறது, அது தகட்டுக்கு ஆகாது.

நம் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையில் உருவாகும் 'வித்வன்சக்' துப்பாக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என்று மூன்று காலிபர்களுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய பெருந்துப்பாக்கி! எதிரியின் வாகனத்தையும் கருவிகளையும் தொலைவிலிருந்தே முடக்குவது அதன் வேலை. துளைப்பதற்கென்றே பிறந்த இராணுவத் தோட்டாக்கள் எவ்வளவு வலியவை என்பதற்கு அது நம் ஊர்ச் சான்று. பயிற்சித் தகடு அவற்றுக்காகச் செய்யப்பட்டதல்ல.

ஒரு தோட்டாச் சிதறல் காட்டையே எரிக்கும்! தெரியுமா?

2012 ஜூன் மாதம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இலக்குப் பயிற்சியிலிருந்து கிளம்பிய தீ ஆயிரக்கணக்கானவர்களை வீட்டைவிட்டு வெளியேறவைத்தது. மறு ஆண்டு அமெரிக்க வனத்துறை ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. எஃகுத் தகட்டில் பலவகைத் தோட்டாக்களைச் சுட்டு, சிதறல்களை உலர்ந்த தாவரப் பொருளின்மேல் விழவிட்டார்கள். பற்றிக்கொண்டது! எஃகு கலந்த தோட்டாக்களும், முழுச் செம்புத் தோட்டாக்களும் எளிதில் தீ மூட்டின. ஈய நடுவும் செம்பு உறையும் கொண்டவை அரிதாகவே மூட்டின. கோடையில், காய்ந்த புல்வெளியில், காற்று வீசும்போது தகட்டில் சுடாதீர்கள். அருகில் தண்ணீரும் மண்வெட்டியும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

தோட்டா போய்விடும், சத்தம் தாமதமாக வரும்! தெரியுமா?

நியூ மெக்ஸிகோவின் ராட்டன் ஊரருகே உள்ள விட்டிங்டன் சுடுதளத்தில் ஒரு வெள்ளைக் காட்டெருமை நிற்கிறது. எஃகால் ஆனது! தூரம் 1,123 கெஜம், ஒரு கிலோமீட்டருக்கு மேல். குண்டு அதில் பட்ட பிறகு அந்த 'டங்' ஓசை சுட்டவரின் காதுக்கு வந்துசேரச் சுமார் 3 வினாடிகள் ஆகும்! அதற்கும் அப்பால், ஒரு மைல், இரண்டு மைல் என்று போனால் ஓசை காதில் விழாமலே போய்விடும். அதற்காகத் தகட்டின் பின்னால் அதிர்வை உணர்ந்து ஒளிரும் விளக்குகளையும், கம்பியில்லாக் கேமராக்களையும் பொருத்துகிறார்கள்.

தகட்டுக்கும் ஓய்வு வயது உண்டு! தெரியுமா?

நல்ல எஃகு ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்கும், ஆனால் என்றைக்குமல்ல. ஒவ்வொரு முறையும் சுடும் முன் வெறுங்கையால் அல்ல, கையுறை போட்டு மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள். குழி, துளை, விரிசல், கூர்மையாக எழும்பிய விளிம்பு, கண்ணுக்குத் தெரியும் வளைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தகட்டின் பணி முடிந்தது. குழியை வெல்டிங்கால் நிரப்பிச் சரிசெய்ய முயலாதீர்கள், சூடு அங்கே எஃகை இன்னும் மென்மையாக்கும்.

சிதறும் ஈயம் தூளாகவும் காற்றில் கலக்கும் என்பதால், பயிற்சி முடிந்ததும் சோறு தொடுவதற்கு முன் கையையும் முகத்தையும் கழுவுங்கள். கண்ணுக்குத் தாக்குதல் தாங்கும் பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்குக் கவசம், முழுக்கைச் சட்டை! சுடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும், வேடிக்கை பார்க்க வந்த குழந்தைக்கும் இதே விதிதான்.

ஆக, பெரிய காலிபர் ரைஃபிளுக்கு இலக்கு தேர்ந்தெடுக்கிறவர் கேட்க வேண்டியவை ஐந்தே கேள்விகள். எஃகின் கடினத்துக்குச் சான்று இருக்கிறதா? ஓரம் சூடேறாமல் வெட்டப்பட்டதா? தகடு சாய்ந்து தொங்குகிறதா? என் தோட்டாவுக்கு ஏற்ற தடிமனும் தூரமும் இருக்கின்றனவா? குண்டில் காந்தம் ஒட்டாமல் இருக்கிறதா? ஐந்துக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைத்தால் மட்டும் சுடுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் துப்பாக்கியை உறைக்குள் வையுங்கள். குழி விழுந்த தகடு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்!